விட்ட மீன்

கோயில் படித்துறையில் அவளை எல்லோரும் உயிர்க்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் விற்றது மீன்தான். ஆனால் கறிக்கு விற்கிற மீன் இல்லை. ஆற்றில் விடுவதற்கு விற்கிற மீன். வீட்டில் யாராவது படுக்கையில் கிடந்தால், உறவுக்காரர் ஒருவர் வந்து உயிரோடு ஒரு மீனை வாங்கி, தண்ணீர்ப் பையோடு கொண்டுபோய் நோயாளியின் நெற்றியில் தொட்டு எடுத்து, திரும்ப வந்து படியிறங்கி ஆற்றில் விடுவார். ஓர் உயிரை விடுவித்தால் சாமி இன்னோர் உயிரை விட்டுவைக்கும் என்பது நம்பிக்கை.

படித்துறைக்கு மேலே, செருப்பு விடும் இடத்தை ஒட்டி, நீல நிற பிளாஸ்டிக் தொட்டிகளை வரிசையாக வைத்திருப்பாள். யாராவது வந்து குனிந்து பார்த்தால் விலையை முதலில் சொல்ல மாட்டாள். "யாருக்குங்க?" என்றுதான் கேட்பாள்.

"அம்மாவுக்கு."

"வயசானவங்களா? அப்பப் பெருசாப் பாத்து எடுங்க. அவங்களுக்கு நோவும் பழசா இருக்கும், சின்னது இழுக்காது."

வந்தவர் அழுதுகொண்டே வந்திருந்தாலும் இந்த இடத்தில் கொஞ்சம் சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்புக்காகவே சிலர் தெரிந்தவர்களை அவளிடம் அனுப்பினார்கள்.

அவள் புருஷன் அதே ஆற்றில் வலை போடுகிறவர். தெருவில் அவருக்கு வலைக்காரர் என்றே பெயர். கல்யாணமான புதிதில் இந்த வியாபாரத்தை ஆரம்பித்துக் கொடுத்ததே அவர்தான். வலையில் அடிபடாமல் வந்த கெண்டையையும் விராலையும் தனியே எடுத்து அவளிடம் கொடுப்பார். அவள் விற்பாள், வாங்கினவர்கள் விடுவார்கள், மறுநாள் அதில் சிலது திரும்ப அவர் வலைக்கே வரும். "நம்ம கெண்டைக்கு நம்ம வீட்டு வழி மனப்பாடம் ஆயிருக்கும்" என்று அவர் சொல்லிச் சிரித்த காலம் அது.

ஆனால் ஆற்று மீன் தொட்டியில் தாங்காது. வெயில் ஏறினால் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். ஒரு நாள், பிரசவத்தில் சிக்கியிருந்த மனைவிக்காக மீன் வாங்கின ஒரு மனிதர் கடைசிப் படியில் குனிந்து பையை அவிழ்த்தபோது, அவர் உள்ளங்கையிலேயே கெண்டை மல்லாந்துவிட்டது. அவர் அப்படியே ஈரப் படியில் உட்கார்ந்துவிட்டார். இவள் ஓடிப்போய் வேறு மீன் கொடுத்தாள். அவர் வாங்கவில்லை. கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் அவளை வெகுநாள் தூங்க விடவில்லை.

அதனால்தான் பண்ணைக்காரர் மூடி போட்ட கூடைகளோடு வந்து நின்றபோது அவள் மறுக்கவில்லை. அவர் கொண்டுவந்தது கறுத்த, மீசை நீண்ட, தலை அகன்ற கெளுத்தி. இந்த ஆற்றுக் கெளுத்தி இல்லை. எங்கிருந்தோ குஞ்சாக வந்து பண்ணைக் குட்டைகளில் கோழிக் குடலைத் தின்று வளர்ந்தது.

"இது சாகாதும்மா," என்றார் அவர். "சேத்துல போட்டாலும் கெடக்கும். தண்ணி இல்லாம அரை நாள் தாங்கும். உங்ககிட்ட வாங்கறவங்க யாரும் செத்த மீனைப் பாக்க மாட்டாங்க."

அவர் சொன்னது பொய் இல்லை. அதற்கப்புறம் அவளிடம் வாங்கின ஒரு மீனும் யார் கையிலும் சாகவில்லை. படியில் விட்டதும் வாலை ஓர் அடி அடித்துக்கொண்டு அடியில் போய் மறைந்துவிடும். விட்டவர்கள் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, மனம் கொஞ்சம் லேசாகி வீட்டுக்குப் போனார்கள்.

வருஷங்கள் போகப்போக வலைக்காரரின் வலை மாறியது. முதலில் அயிரை போயிற்று. பிறகு ஆரால். ஊர்ச் சாக்கடையும் சாயத் தண்ணீரும் ஆற்றில் கலப்பதால்தான் என்று எல்லாரும் சொன்னார்கள், அவரும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் வலை வெறுமையாக வரவில்லை. கனமாகவே வந்தது. இழுத்துப் போட்டால் பண்ணைக் கெளுத்தி. அதன் முள் வலையைக் கிழித்தது. கிழிந்ததைத் தைப்பதிலேயே அவருக்குப் பகல் போயிற்று. அந்த மீனைச் சந்தையில் பாதி விலைக்குக்கூட யாரும் கேட்கவில்லை. சாக்கடை மீன் என்றார்கள்.

ஒரு நாள் அவர் அதில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுப்படித் தரையில் போட்டு வயிற்றைக் கீறினார். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு. விரால் குஞ்சு. பூரா குஞ்சு."

"மீனு மீனைத் தின்னாம புல்லையா தின்னும்?"

"ஒரு குஞ்சைக்கூட மிச்சம் வெக்கறதில்ல. நீ உயிரா விக்கிற? வாய விக்கிற. ஆத்துக்குள்ள வாய வாயா இறக்கி விட்டுட்டிருக்க."

அவள் அரிவாள்மனையை விட்டு எழுந்துவிட்டாள். "நெஞ்சு வெடிச்சு வர்றாங்க ஜனங்க. அவங்களைப் போயிட்டு வாங்கன்னு வெறுங்கையோட அனுப்பவா? உங்க வலை இந்த வீட்டுக்கு ஒரு வேளை போடுது. பாப்பா படிச்சது என் தொட்டியில."

அது உண்மையாக இருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. கத்தியைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போனார். அன்றைக்கு விட்டுப்போன பேச்சு திரும்ப ஒட்டவே இல்லை. ஒரே அறையும் ஓர் அடுப்படியும் உள்ள வீட்டில், மூன்று பேரும் முட்டிக்கொள்கிற தூரத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது, "உங்கப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளு" என்பாள். "வேணாம்னு சொல்லு" என்பார். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

"நான் என்ன தபால்காரியா? சம்பளமாவது குடுங்க."

மகளை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள், அவள் தையல் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆன பிறகும். வாய் ஓயாதவள். கம்பெனி மேனேஜர் நடக்கிற நடையை நடந்து காட்டுவாள். அப்போது மட்டும் புருஷனும் பெண்சாதியும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

அந்தப் பாப்பாவுக்குக் காலையில் எழுந்தால் முகம் வீங்கியிருக்க ஆரம்பித்தது. ஓவர்டைம், தூக்கம் போதவில்லை என்றாள். பிறகு செருப்பு காலில் ஏறவில்லை. ஒரு மத்தியானம் மிஷின் மேலேயே தலை கவிழ்ந்துவிட்டாள். பெரியாஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, டாக்டரம்மா இருவரையும் உட்காரச் சொன்னார்.

"ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சு."

"எதனால டாக்டர்?" என்று கேட்டார் வலைக்காரர்.

"சில பேருக்கு எதனாலன்னு கடைசி வரைக்கும் தெரியறதில்லைங்க."

மிஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். தாய் தன் கிட்னியை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அவளுக்குச் சர்க்கரை இருந்தது. தகப்பன் சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றார். அவர் ரத்தம் சேரவில்லை. இனி மிஷின்தான் என்று ஆயிற்று. அதையாவது பழகிக்கொள்ளலாம் என்று அவர்கள் மூச்சு விடுவதற்குள், மிஷினுக்காகக் கழுத்தில் குழாய் போட்ட இடத்தில் சீழ் வைத்து ரத்தமெல்லாம் விஷமாகிவிட்டது. காய்ச்சல் இறங்கவில்லை. பாப்பா ஆளை அடையாளம் தெரியாமல் பேசினாள். பிறகு பேச்சும் நின்றது.

உயிர்க்காரி அதுவரை தனக்கென்று ஒரு மீனையும் ஆற்றில் விட்டதில்லை. விற்கிறவளுக்கு அது தோன்றவில்லை என்பதுதான் நிஜம். இப்போது விடியலில் தொட்டி முன்னால் குந்தி, இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து எடுத்தாள். படியிறங்கும்போது, யாருக்குங்க என்று யாரும் தன்னைக் கேட்கவில்லையே என்று அவளுக்கு அழுகை வந்தது. விட்ட அன்று காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. மறுநாள் ஏறியது. அவள் இன்னும் பெரியதாக விட்டாள். பிறகு ஒன்று போதாது என்று ஜோடியாக விட்டாள். மீனை வலது கையால் விட்டதா இடது கையால் விட்டதா, எந்தப் படியில் நின்று விட்டது, அன்றைக்குக் காய்ச்சல் எப்படி இருந்தது என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் போட்டுக் குழம்பினாள். பூசாரியிடம் கேட்டாள். "மனசு சுத்தமா இருந்தாப் போதும்மா" என்றார் அவர். வீட்டுக்கு வந்து, தன் மனசில் என்ன அழுக்கு இருக்கிறது என்று தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வலைக்காரர் அந்த நாட்களில் ஆஸ்பத்திரி வராந்தாவை விட்டு நகரவில்லை. அவள் மீன் விடுவது அவருக்குத் தெரியும். தடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மீன்வளத் துறையின் ஜீப் படித்துறைக்கு வந்தது. வெளி மீனை ஆற்றில் விடக் கூடாது என்று கோயில் சுவரில் நோட்டீஸ் ஒட்டி நாளாகியிருந்தது. அதன் மேல் வேறு போஸ்டர்களும் ஒட்டியாகிவிட்டது. வந்த அதிகாரி கண்ணாடி போட்ட இளைஞர். கூட வந்த ஆட்கள் கோயிலுக்குப் பின்னால், வண்டிகள் நிற்கும் இடத்தை ஒட்டிக் குழி வெட்டினார்கள். சுண்ணாம்பு மூட்டைகளை அவிழ்த்தார்கள். பிறகு வந்து தொட்டியில் கை வைத்தார்கள்.

உயிர்க்காரி தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சார், எம்பொண்ணு ஐசியுல கெடக்கறா. இன்னைக்கு இன்னும் விடல. ஒண்ணே ஒண்ணு மட்டும் விட்டுடறேன். அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டேன்."

"அம்மா, இந்த மீனாலதான் ஆத்துல வேற ஒண்ணுமே இல்லாமப் போச்சு. எங்ககிட்ட ஆராய்ச்சியே இருக்கு."

"தெரியும் சார். எங்க வீட்டுக்காரர் நீங்க வர்றதுக்கு முந்தியே சொல்லிட்டார். ஒண்ணு சார்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்கம்மா உங்ககிட்ட வாங்கியிருக்காங்க. எனக்கு டைபாய்டு வந்தப்ப."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "பொழச்சீங்கல்ல?"

"மருந்தும் சாப்பிட்டேம்மா," என்றார்.

ஆட்கள் தொட்டிகளைத் தூக்கிப் போய்க் குழியில் கவிழ்த்தார்கள். கவிழ்த்துவிட்டுச் சுண்ணாம்பைக் கொட்டினார்கள். வேறு மீனாக இருந்தால் அதோடு அடங்கியிருக்கும். இது அடங்கவில்லை. வெள்ளைக்குள்ளிருந்து கறுப்பு கறுப்பாகத் தலைகள் வந்தன. அவை ஒன்றன் மேல் ஒன்று ஏறி நெளிந்த சத்தம், யாரோ ஈரத்துணியை விடாமல் கசக்குவதுபோல் கேட்டது. மேற்கொண்டு சுண்ணாம்பு கொட்டினார்கள். கும்பிட வந்த கூட்டம் சுற்றி நின்றது. ஒரு பெண்மணி "பாவத்தைப் பண்றீங்களே, உருப்படுவீங்களா" என்று அழுதாள். மண்வெட்டி பிடித்திருந்த ஆள் அதைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கிப்போய் நின்றுகொண்டார்.

குழியின் ஓரத்தில் ஒரு மீன் தன் முள்துடுப்பை ஊன்றி ஊன்றி மேலே ஏறி, மண்ணில் விழுந்தது. நடந்தது என்றே சொல்ல வேண்டும். உயிர்க்காரி குனிந்து வெறுங்கையால் அதை வாரித் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள். அதிகாரி பார்த்தார். பார்த்துவிட்டு, போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பினார். அது அடித்த மாதிரி தெரியவில்லை.

உண்மையில் அடித்தது அவளுடைய போன்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு புருஷன் நேராக அவளிடம் பேசினார்.

"வந்துரு. மூச்சுக்கு மிஷின் வெக்கணுமாம். கையெழுத்துக் கேக்கறாங்க. என்னால போட முடியல."

அவள் பையோடு பஸ் ஏறினாள். சுண்ணாம்பு கையை எரித்தது. பக்கத்து சீட்டுக்காரர் பையைப் பார்த்துவிட்டு எழுந்து போய் நின்றுகொண்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் கையெழுத்துப் போட்டாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பாப்பா கிடந்தாள்; வாயில் குழாய், கைகளைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். நெற்றியில் தொட வழியில்லை. அவள் பையைக் கண்ணாடியில், பாப்பாவின் நெற்றிக்கு நேராக வைத்து அழுத்தினாள். பை துள்ளியது.

"என்னம்மா பையில, ஆடுது?" என்றாள் நர்ஸ்.

"மீனும்மா."

"ஐசியுவுக்கா? எடுத்துட்டுப் போங்கம்மா வெளிய. உங்க பொண்ணுக்கே இன்ஃபெக்‌ஷன், இதுல..." நர்ஸ் வாசல் பக்கம் கையைக் காட்டினாள். வலைக்காரர்தான் உயிர்க்காரியின் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பாலம் இருந்தது. அதே ஆறுதான். இங்கே கரை முழுக்கப் பிளாஸ்டிக் பைகளும் கட்டுத் துணிகளும், ஆஸ்பத்திரிச் சாக்கடை வந்து விழுகிற நுரையும். சரிவின் மேலே வந்ததும் உயிர்க்காரி நின்றுவிட்டாள்.

"இறங்கு" என்றார் அவர்.

"நான் விட மாட்டேன்."

"என்ன சொல்ற?"

"எவ்வளவு விட்டேன். என்ன ஆச்சு? நீங்க சொன்னீங்கல்ல, வாயி வாயின்னு. ஆத்துல இருந்ததை எல்லாம் தின்னுட்டு, பத்தாம எம்புள்ளகிட்ட வந்துருச்சோ என்னமோ. இன்னொரு வாய நான் விட மாட்டேங்க. என் கையால விட மாட்டேன்." அவள் பையை மார்போடு சேர்த்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே மீன் அசைந்துகொண்டிருந்தது. பையை விடவும் முடியவில்லை, நசுக்கவும் முடியவில்லை.

அந்த மீனை வாழ்நாளில் பாதி வெறுத்தவர் அவர். வலையில் வந்தால் கரையில் தலையைத் தட்டிக் கொன்றுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அவர் அவள் பக்கத்தில் குந்தினார்.

"குடு."

"வேணாங்க."

"குடுன்னா குடு. வேற என்ன இருக்கு நம்மகிட்ட?"

பையை வாங்கிக்கொண்டு சரிவில் இறங்கினார். முழங்கால் அளவு தண்ணீரில் நின்று மீனை வெளியே எடுத்தார். முதுகில் ஒரு பக்கம் தோல் வெந்து வெளுத்திருந்தது. மீனைத் தண்ணீரில் முக்கி, சுண்ணாம்பை விரலால் மெதுவாகத் துடைத்தார், கைக்குழந்தையின் முகம் துடைக்கிற மாதிரி. செவுளுக்குள் இருந்ததையும் கழுவிவிட்டார். பிறகு இரண்டு கையையும் தண்ணீருக்குள் இறக்கித் திறந்தார். அது உடனே போகவில்லை. அவர் கைக்குள்ளேயே கொஞ்ச நேரம் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"போ," என்றார் அவர். "பொழச்சுக்க."

அது போயிற்று. அவர் வெகுநேரம் கரையேறவில்லை.

பாப்பா பிழைத்தாள். வேறு மருந்து மாற்றியிருந்தார்கள், அது கேட்டது. காய்ச்சல் இறங்கி, மூச்சுக் குழாயை எடுத்து, ஒரு காலையில் கண்ணைத் திறந்து முதல் வேலையாக, கட்டின கையைக் காட்டி, "நான் என்ன திருடியா?" என்று கரகரத்த குரலில் கேட்டாள். டாக்டரம்மா மருந்தின் பெயரைச் சொல்லி, அதிர்ஷ்டம் என்றார். உயிர்க்காரி டாக்டரம்மாவின் காலைத் தொடப் போனாள். வலைக்காரர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அவர் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து வீட்டில் எல்லாம் தலைகீழாயிற்று. உயிர்க்காரி தொட்டிகளை எடைக்குப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரியிலேயே துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். வார்டு கழுவும் கையோடு, மிஷினில் படுத்திருக்கும் மகளை எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். மீன் என்ற பேச்சை எடுப்பதில்லை. வலைக்காரரோ, பாப்பா மிஷினுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் பண்ணைக்குப் போனார். முதல் தடவை பண்ணைக்காரர் பயந்து உள்ளே போய்விட்டாராம். ஒரு காலத்தில் இதே மனிதர் அடிக்க வந்தவர். "பெருசா ஒண்ணு குடுங்க" என்று இவர் கை நீட்டினதைப் பார்த்து அவருக்கே என்னவோ போல் ஆகிவிட்டது.

வாளியில் மீனைக் கொண்டுவந்து, பாலத்துக்குக் கீழே அதே இடத்தில் இறங்கி விடுவார். விடாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு தடவைகூட அவர் சோதித்துப் பார்க்கவில்லை. யாரால்தான் பார்க்க முடியும்?

அதைவிடப் பெரிய வினை வலையில் இருந்தது. ஆற்றில் இருப்பதே அந்த மீன்தான். வலையை இழுத்தால் அதுதான் வரும். முன்பு தலையைத் தட்டுவார். இப்போது ஒவ்வொன்றையும் கையில் எடுத்து முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெந்த தழும்பு இருக்கிறதா என்று தேடினார். ஒரு நாள் உயிர்க்காரி அதைப் பார்த்துவிட்டாள்.

"தழும்பு இந்நேரம் ஆறிப் போயிருக்குங்க."

"ம்."

"அப்புறம் எது அதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதான் எல்லாத்தையும் விடறேன்."

அவர் வலை முழுவதையும் தண்ணீருக்குள் பிரித்து, முள்ளில் மாட்டினதை ஒவ்வொன்றாக விடுவித்து, கை கிழிந்து ரத்தம் வர, எல்லாவற்றையும் திரும்ப ஆற்றிலேயே விட்டார். தின்னவும் முடியாது, விற்கவும் முடியாது. எந்த மீனில் தன் மகளின் உயிர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வார்கள்? கொஞ்ச நாளில் படகை விற்றார். வலையை மட்டும் வைத்துக்கொண்டார்.

பாப்பாவுக்கு இதெல்லாம் தெரியவந்தபோது சிரித்தாள். பிறகு சிரிக்க முடியாமல் போயிற்று. கையில் மிஷினுக்காகத் தைத்து வைத்த ரத்தக்குழாய் ஒரு முறை அடைத்து, அதை விட்டு வேறிடத்தில் தைக்க வேண்டி வந்தது. அன்றைக்குத் தகப்பன் கூடை நிறைய மீன் வாங்கி ஆற்றில் விட்டாராம். அவள் அவரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அப்பா, எனக்கு உசிரு இந்த மிஷின்ல இருக்கு. மீன்ல இல்ல."

"சரிம்மா."

"சரின்னா நிறுத்திடுவீங்களா?"

அவர் அவள் கையில் புடைத்திருந்த நரம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மிஷினும் ஓடட்டும். அதுவும் ஓடட்டும். உனக்கென்ன அதனால?"

"எனக்கு ஒண்ணுமில்ல. உங்களைப் பாத்தாத்தான் பயமா இருக்கு. என்னைக்காவது நான் போயிட்டா, எந்த மீனை விடலேன்னு தேடிட்டே திரிவீங்க."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். தாய் பக்கெட்டும் துடைப்பமுமாக வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் புருஷனை நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. ஆற்றை யார் கெடுத்தது, யார் கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் குழியும் வெள்ளைக்குள் நெளிந்த தலைகளும் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. இது அத்தனையும் வீண் என்று பகலெல்லாம் நினைத்துக்கொள்வாள். ஆனால் அவர் வாளியை எடுக்கும்போது, ஒருவேளை என்று ஒரு சொல் வந்து நெஞ்சுக்குக் குறுக்கே நின்றுவிடும். ஒருவேளை நான் தடுத்த அன்றைக்கே ஏதாவது ஆகிவிட்டால்? அதனால் வேலையிலிருந்து கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டு வந்து, அவர் கீழே இறங்கும்போது இவள் பாலத்து முனையில் நின்று ஜீப் வருகிறதா என்று பார்ப்பாள்.

போன வாரமும் அப்படித்தான் நின்றாள். ஜீப் வந்தது. அந்தப் பழைய அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார்; இவர் புதியவர். இறங்கி வந்து, கீழே வாளியோடு தண்ணீரில் நிற்கும் மனிதரைப் பார்த்தார்.

"யாரும்மா அது? என்ன பண்றாரு?"

"எங்க வீட்டுக்காரர் சார். துணி தொவைக்க வந்தோம்."

கையில் ஒரு கந்தல்கூட இல்லை. அவர் அவளையும் ஆற்றையும் பார்த்தார். இந்தத் தண்ணீரிலா என்று கேட்க வாயெடுத்தவர், அவள் போட்டிருந்த ஆஸ்பத்திரித் துப்புரவு உடையைப் பார்த்துவிட்டு, ஏதோ புரிந்ததுபோல் ஒன்றும் கேட்காமல் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

ஜீப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அவளுக்குப் போன் வந்தது. பாப்பா.

"அம்மா, இன்னைக்கு ஊசி ஒரே குத்துல ஏறிருச்சு. வலியே இல்ல. அப்பாகிட்ட சொல்லாதீங்க, மீனாலன்னு சொல்லுவார்."

"சொல்லலம்மா."

ஆனால் கீழேயிருந்து அவர் அண்ணாந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போனை வைத்த கையோடு அவள் முகம் கொஞ்சம் இளகியிருக்க வேண்டும். அவர் வாளியைத் தண்ணீரில் மிதக்க விட்டுவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். அவள் இல்லையென்று தலையாட்டவில்லை. கரையேறக் கை கொடுக்க, சரிவில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கினாள்.